இடைத்தங்கல் இல்லங்கள்: சிறைவாசலுக்கும் ஊருக்கும் இடையிலான வரலாறு

தண்டனைக் காலம் முடிந்தோ முடியும் தறுவாயிலோ சிறையிலிருந்து வெளிவரும் ஒருவர், சொந்தமாக வீடும் வேலையும் தேடிக்கொள்ளும் வரை சில வாரங்களோ மாதங்களோ தங்கியிருக்கும் உறைவிடம் இடைத்தங்கல் இல்லம் எனப்படும். இது சிறையும் அன்று, வீடும் அன்று; இரண்டுக்கும் நடுவில் இருப்பது. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இதனைப் 'பாதிவழி வீடு' என்ற பொருளில் அழைப்பர். உணவு, படுக்கை, வேலை தேட உதவி, குடிப்பழக்கம் அல்லது போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை, குடும்பத்தாரோடு மீண்டும் தொடர்பு ஏற்படுத்துதல் ஆகியவை இவ்வில்லங்களின் பணிகள். இவற்றோடு, பல நாடுகளில், தங்கியிருப்பவரின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும் இவ்வில்லங்களுக்கு உண்டு. உதவி, கண்காணிப்பு என்னும் இவ்விரு பணிகளும் எப்போது ஒன்றாக இருந்தன, எப்போது பிரிந்தன என்பதைப் பின்தொடர்ந்தால் இடைத்தங்கல் இல்லங்களின் வரலாறு தெளிவாக விளங்கும்.

விடுதலையான முதல் இரவு

பழைய காலத்தில் நீண்டகாலச் சிறைத்தண்டனை என்பதே அரிது. கசையடி, தண்டம், தூக்கு, நாடுகடத்தல் ஆகியவையே பெரும்பாலான தண்டனைகள். சிறை என்பது விசாரணை வரையோ கடன் தீரும் வரையோ ஆளை அடைத்து வைக்கும் இடம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறைவாசமே முதன்மைத் தண்டனையாக மாறியது. ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டவர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தபோது, அவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியும் எழுந்தது.

பிரான்சில் கடுங்காவல் முடிந்து வந்தவர் மஞ்சள் நிறக் கடவுச்சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். போகும் ஊரில் அதைக் காட்டியாக வேண்டும். சீட்டைப் பார்த்ததும் விடுதிக் கதவுகள் மூடப்படும். விக்தர் யூகோ 1862இல் வெளியிட்ட புகழ்பெற்ற புதினத்தில் ழான் வால்ழான் சந்திக்கும் முதல் துன்பம் இதுதான். கையில் காசு இருந்தும் சோறும் படுக்கையும் கிடைக்காமல் தெருத் தெருவாக அலைகிறான். தமிழ் வாசகர்களுக்கு இக்கதை கவியோகி சுத்தானந்த பாரதியின் மொழியாக்கமான 'ஏழை படும் பாடு' வழியாகவும், அதே பெயரில் 1950இல் நாகையா நடித்து வெளிவந்த திரைப்படம் வழியாகவும் அறிமுகமானது. கதை கற்பனையாக இருந்தாலும் மஞ்சள் சீட்டு கற்பனை அன்று. விடுதலையானவரைக் கண்காணிக்க ஓர் ஏற்பாடு இருந்தது. அவருக்குப் படுக்க இடம் தர ஏற்பாடு இல்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1817ஆம் ஆண்டிலேயே, விடுதலையாவோருக்குத் தற்காலிகப் புகலிடம் ஒன்றை எளிய மரக் கட்டடமாக எழுப்ப வேண்டும் என்று ஓர் ஆணையம் பரிந்துரைத்தது. சட்டமன்றம் அதை ஏற்கவில்லை. குற்றம் செய்தவர்கள் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் கெடுப்பார்கள் என்ற அச்சமே காரணம். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும், ஒரு தெருவில் இத்தகைய இல்லம் வரப்போகிறது என்றால் அக்கம்பக்கத்தார் எழுப்பும் எதிர்ப்பில் இதே அச்சம் ஒலிப்பதைக் கேட்கலாம்.

நார்போக் தீவில் மக்கோனக்கி

பிரிட்டன் தன் கைதிகளை ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்கு நாடுகடத்தி வந்த காலத்தில், 1801ஆம் ஆண்டு முதல் நியூ சவுத் வேல்சில் 'விடுப்புச் சீட்டு' என்னும் முறை வழக்கத்தில் இருந்தது. சீட்டுப் பெற்ற கைதி, தண்டனைக் காலம் முடியும் முன்பே தனக்காக உழைத்துப் பிழைக்கலாம். ஆனால் குறிப்பிட்ட வட்டாரத்தை விட்டு நீங்கக் கூடாது. இன்றைய பரோல் முறையின் முன்னோடி இதுவே.

இம்முறையை ஓர் ஒழுங்கான திட்டமாக மாற்ற முயன்றவர் அலெக்சாண்டர் மக்கோனக்கி. 1787இல் எடின்பரோவில் பிறந்த இவர் கடற்படை அதிகாரி. நெப்போலியப் போர்க் காலத்தில் கப்பல் சேதமுற்றுப் பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டு, 1814 வரை போர்க் கைதியாக இருந்தவர். பின்னர் லண்டன் புவியியல் சங்கத்தின் முதல் செயலாளராகவும், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் புவியியல் பேராசிரியராகவும் பணியாற்றினார். கைதியாக இருப்பது எப்படி என்பதை உடம்பால் அறிந்த சிறை நிர்வாகிகள் மிகச் சிலரே. இவர் அவர்களுள் ஒருவர்.

1840 மார்ச்சில் நார்போக் தீவின் பொறுப்பை அவர் ஏற்றார. சிட்னியிலிருந்து வடகிழக்கே 1,600 கிலோமீட்டருக்கும் அப்பால் பசிபிக் கடலில் கிடக்கும் இச்சிறு தீவு, குடியேற்றத்திற்கு வந்த பிறகும் மீண்டும் குற்றம் செய்தவர்களை அனுப்பும் இடமாக இருந்தது. மக்கோனக்கியின் திட்டம் 'மதிப்பெண் முறை' எனப்பட்டது. தண்டனையை ஆண்டுகளால் அளக்காமல், ஈட்ட வேண்டிய மதிப்பெண்களால் அளப்பது இதன் அடிப்படை. உழைப்பாலும் நன்னடத்தையாலும் மதிப்பெண் சேரும். தவறு செய்தால் குறையும். போதுமான மதிப்பெண் சேர்ந்ததும் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளரும். அந்த மே மாதத்தில் விக்டோரியா அரசியின் பிறந்தநாளை ஒட்டி அவர் வாயிற்கதவுகளைத் திறந்துவிட்டார். கைதிகள் தீவு முழுவதும் சுற்றினர்; நாடகம் நடித்தனர்; மாலையில் மணி அடித்ததும் அமைதியாகத் திரும்பினர். இந்தச் செய்தி சிட்னியிலும் லண்டனிலும் பாராட்டைவிடக் கண்டனத்தையே மிகுதியாகப் பெற்றுத் தந்தது. 1844இல் அவர் திரும்ப அழைக்கப்பட்டார்.

மக்கோனக்கியின் முறையில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. மதிப்பெண்களைக் கணக்கிட்டு விடுதலை வழங்கும் முழு அதிகாரம் அவரிடம் இல்லை. எவ்வளவு மதிப்பெண் சேர்த்தாலும் கைதி பெரும்பாலும் தீவுக்குள்ளேயேதான் இருக்க வேண்டும். ஏணியைக் கட்டிவிட்டார், ஏணியின் உச்சியில் ஏறி இறங்கும் மொட்டைமாடி இல்லை. அந்தக் குறையை நிறைவு செய்தது அயர்லாந்து.

லஸ்க்: மதில் இல்லாத சிறை

1845 முதல் அயர்லாந்தைத் தாக்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது உணவுத் திருட்டும் கால்நடைத் திருட்டும் பெருகின. சிறைகள் நிரம்பி வழிந்தன. அதே காலத்தில் ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் ஒவ்வொன்றாகக் கைதிகளை ஏற்க மறுத்தன. அதுவரை கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களை இனி உள்நாட்டிலேயே விடுதலை செய்தாக வேண்டிய நிலை வந்தது. இந்தச் சூழலில், 1854இல் அயர்லாந்துக் கைதிச் சிறைகளின் இயக்குநர் குழுத் தலைவராக வால்ட்டர் கிராஃப்டன் பொறுப்பேற்றார். இவரும் இராணுவ அதிகாரியாக இருந்தவரே.

கிராஃப்டன் வகுத்த முறை நான்கு படிகள் கொண்டது. முதற்படி, டப்ளின் நகரின் மவுண்ட்ஜாய் சிறையில் ஏறத்தாழ ஒன்பது மாதத் தனிமைச் சிறை. இரண்டாம் படி, கார்க் துறைமுகத்திலுள்ள ஸ்பைக் தீவு போன்ற இடங்களில் பிறரோடு சேர்ந்து கட்டுமான வேலை. இங்கே ஒழுக்கம், உழைப்பு, கல்வி ஆகிய மூன்றுக்கும் மாதந்தோறும் மதிப்பெண் உண்டு; ஒரு மாதத்தில் அதிகபட்சம் ஒன்பது. மூன்றாம் படி, 'இடைநிலைச் சிறை'. நான்காம் படி, விடுப்புச் சீட்டோடு வெளியே செல்லுதல்.

மூன்றாம் படிதான் புதுமை. டப்ளினுக்கு வடக்கே லஸ்க் என்னும் ஊரின் புறம்போக்கு நிலத்தில் 1856இல் தொடங்கப்பட்ட இடைநிலைச் சிறைக்கு மதில் இல்லை. தகரத்தாலான இரண்டு கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் வரை தங்கலாம். ஒரு சில காவலர்களே இருந்தனர். அவர்களும் கைதிகளோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தனர். சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர்நிலமாக்குவது வேலை. சிறிய வாரக் கூலி கிடைத்தது. அதில் ஒரு பகுதியைத் தம் விருப்பப்படி செலவிடலாம். நம்பத்தக்க கைதியை நகரத்துக்குத் தனியே அனுப்பிப் பொருள் வாங்கி வரச் செய்தனர்.

கிராஃப்டனின் நோக்கம் இரண்டு. கைதி தன்னைத் தானே நம்பிப் பழக வேண்டும் என்பது ஒன்று. அவனை நம்பலாம் என்று ஊரார் கண்ணால் காண வேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது நோக்கம் முதன்மையானது. மதிலுக்குள் ஒருவன் எவ்வளவு திருந்தினாலும் மதிலுக்கு வெளியே இருப்பவனுக்கு அது தெரியாது. லஸ்கில் வழிப்போக்கர்களும் பண்ணையாளர்களும் கைதிகள் வேலை செய்வதை நாள்தோறும் கண்டனர். வேலைக்கு ஆள் தேடும் முதலாளி நேரில் வந்து பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

ஜேம்ஸ் ஆர்கன் என்னும் ஆசிரியர்

சிறைச் சீர்திருத்த வரலாற்றில் கிராஃப்டனின் பெயர் நிலைத்த அளவுக்கு ஜேம்ஸ் ஆர்கனின் பெயர் நிலைக்கவில்லை. டப்ளினின் ஸ்மித்ஃபீல்டு இடைநிலைச் சிறையில் இவர் விரிவுரையாளராக நியமிக்கப்பட்டார். மாலை வேளைகளில் கைதிகளுக்கு வகுப்பு நடத்துவது பணி. எழுத்தறிவு மட்டுமன்றிப் புவியியல், வேறு நாடுகளில் கிடைக்கும் வேலைகள், கூலி நிலவரம், குடிப்பழக்கத்தின் கேடு என்று வெளியே போனால் உடனே உதவும் செய்திகளே பாடமாக அமைந்தன.

வகுப்போடு அவர் பணி முடியவில்லை. டப்ளின் வட்டாரத்தின் தொழிற்கூடங்களுக்கும் பண்ணைகளுக்கும் தானே நடந்து சென்று, முதலாளிகளிடம் தன் மாணவர்களுக்காக வேலை கேட்டார். பலர் வாசலிலேயே மறுத்தனர். ஒருவர் இணங்கி ஓர் ஆளை எடுத்துக்கொண்டு, அவன் ஒழுங்காக நடந்துகொண்டால், அதே முதலாளி அடுத்த ஆளையும் கேட்டார். விடுதலையானவர்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் வேலையிடத்திலும் தங்குமிடத்திலும் சந்தித்து நிலைமையைக் குறித்து வைத்தார். நாட்டுப்புறப் பகுதிகளில் விடுப்புச் சீட்டு பெற்றவர் காவல் நிலையத்தில் முகம் காட்ட வேண்டியிருந்தது. டப்ளினில் அந்தப் பொறுப்பை ஆர்கன் ஏற்றார். சந்திக்க வருபவர் தனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் என்பது காவலர் வந்து நிற்பதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. முதலாளிக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அவர் வருகை சந்தேகத்தை எழுப்பவில்லை. இன்றைய நன்னடத்தை அலுவலர், பரோல் அலுவலர் ஆகிய பணிகளின் முன்னோடியாக ஆர்கனைக் கூறலாம்.

கிராஃப்டன் முறைக்கு எதிர்ப்பும் இருந்தது. இங்கிலாந்துச் சிறைகளின் தலைவர் ஜோசுவா ஜெப் தரப்பினர், அயர்லாந்தில் மீண்டும் குற்றம் செய்வோர் குறைந்ததற்குப் பஞ்சத்துக்குப் பிந்தைய மக்கள்தொகைக் குறைவும் விடுதலையானோர் பலர் வெளிநாடு சென்றதும் காரணம் என்றனர். இது புறந்தள்ளக்கூடிய வாதம் அன்று. விடுதலையாகி அமெரிக்காவுக்குக் கப்பலேறியவன் அங்கே என்ன செய்தான் என்பது டப்ளின் பதிவேட்டில் வராது. எனினும் மேரி கார்ப்பென்டர் போன்ற சீர்திருத்தவாதிகள் இம்முறையை உலகறியச் செய்தனர். இந்தியாவுக்கும் பலமுறை வந்து பெண்கல்விக்கும் சிறைச் சீர்திருத்தத்துக்கும் குரல் கொடுத்த இவ்வம்மையார், கிராஃப்டன் முறையை விளக்கி 1872இல் ஒரு நூல் வெளியிட்டார். 1870இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் கூடிய சிறைத்துறை மாநாட்டின் கொள்கை அறிக்கையிலும் அயர்லாந்து முறையின் செல்வாக்கு உண்டு. லஸ்க் சிறை 1880களில் மூடப்பட்டது.

பெண்களுக்கான இல்லங்கள்

சிறை மீண்ட ஆணுக்கு வயலிலோ கப்பலிலோ கூலி வேலையாவது கிடைக்கும். பெண்ணுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் வீட்டுவேலை. வீட்டுக்குள் சேர்க்கும் முன் நற்சான்று கேட்பார்கள். இதனால் முழு நேரத் தங்குமிடம் என்னும் ஏற்பாடு பெண்களுக்கே முதலில் உருவானது. கிராஃப்டனும் பெண் கைதிகளைத் தகரக் கொட்டகைக்கு அனுப்பவில்லை. டப்ளினின் கோல்டன்பிரிட்ஜ் பகுதியில் கருணைச் சகோதரிகள் சபையின் கன்னியர் நடத்திய இல்லத்தில், தண்டனையின் இறுதிக் கட்டத்தில் இருந்த கத்தோலிக்கப் பெண்கள் தங்கவைக்கப்பட்டனர்.

அமெரிக்காவில் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த ஐசக் ஹாப்பரும் அவர் மகள் அபிகெயில் கிப்பன்சும் முன்னின்று உழைத்ததன் பயனாக, 1845இல் நியூயார்க்கில் விடுதலை பெற்ற பெண்களுக்கான இல்லம் தொடங்கப்பட்டது. தையலும் சலவையும் கற்பித்து, நாட்டுப்புறக் குடும்பங்களில் வேலை தேடித் தந்தனர். அதை நடத்திய பெண்கள், ஆண்கள் தலைமையிலான தாய்ச் சங்கத்திலிருந்து பின்னர் பிரிந்து தனிச் சங்கமாயினர். ஹாப்பர் பெயரால் அமைந்த இல்லம் 1874 முதல் நியூயார்க்கின் இரண்டாம் அவென்யூவில் இயங்கியது. 1864இல் மாசசூசெட்சின் டெடம் நகரில், ஹன்னா சிக்கரிங் என்னும் அம்மையாரின் முயற்சியால் விடுதலை பெற்ற பெண்களுக்கான தற்காலிகப் புகலிடம் ஒன்று அமைந்தது. 1817இல் அம்மாநிலச் சட்டமன்றம் மறுத்ததை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் தனியார் அறப்பணி செய்து காட்டியது. 1896இல் மாட் பாலிங்டன் பூத் நியூயார்க்கில் ஆண்களுக்காக 'நம்பிக்கை இல்லம்' ஒன்றைத் தொடங்கினார்.

பிரிந்துபோன இரு கைகள்

லஸ்கிலும் ஆர்கனின் பணியிலும் உதவியும் கண்காணிப்பும் ஒரே ஆளிடம், ஒரே இடத்தில் இருந்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் இவை பிரிந்தன. 1862இல் லண்டன் தெருக்களில் கழுத்தை நெரித்துப் பணம் பறிக்கும் வழிப்பறிகள் சில நடந்தன. அவற்றுள் ஒன்றில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரே தாக்கப்பட்டார். விடுப்புச் சீட்டில் வந்தவர்களே காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதின. விளைவாக, 1864ஆம் ஆண்டுச் சட்டம் சீட்டுப் பெற்றவர் மாதந்தோறும் காவல் நிலையத்தில் முகம் காட்ட வேண்டும் என்றது. 1869, 1871 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் பழங்குற்றவாளிகளுக்குப் பதிவேடும் காவல் கண்காணிப்பும் ஏற்படுத்தின. அதே 1871இல் பிரிட்டிஷ் இந்தியாவில் குற்றப் பழங்குடிகள் சட்டம் பிறந்தது. அது குற்றம் செய்த தனி மனிதரை அல்லாமல் பிறப்பால் ஒரு சமூகத்தையே பதிவேட்டில் ஏற்றியது. 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்து, கைரேகைச் சட்டம் என்ற பெயரில் மக்கள் நினைவில் இன்றும் இருக்கிறது.

கண்காணிப்புக்கு இவ்வாறு சட்டமும் ஊழியரும் கிடைத்தன. உதவிக்குக் கிடைத்தது என்ன? 1862ஆம் ஆண்டின் விடுதலை பெற்ற கைதிகள் உதவிச் சட்டம், அங்கீகாரம் பெற்ற அறச்சங்கங்களுக்கு ஒரு கைதிக்கு இரண்டு பவுண்டு வரை வழங்கலாம் என்றது. வழங்க வேண்டும் என்று சொல்லவில்லை. நாடெங்கும் உதவிச் சங்கங்கள் தோன்றின. பணமும் வசதியும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. ஒரு கோட்டு, ஓர் இரயில் சீட்டு, சில தொழிற்கருவிகள் என்பதே பெரும்பாலும் கிடைத்த உதவி. கண்காணிப்பு அரசின் கடமை, உதவி ஊராரின் தருமம் என்ற பிரிவினை இப்படி நிலைபெற்றது.

நார்மன் இல்லமும் டிஸ்மஸ் இல்லமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இப்பிரிவினையை வேறொரு கோணத்திலிருந்து எதிர்கொண்டவர் மெர்ஃபின் டர்னர். வேல்ஸ் நாட்டவரான இவர், போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராது என்று மறுத்ததற்காகச் சுவான்சி சிறையில் இருந்தவர். பின்னர் லண்டன் சிறைகளுக்குச் சென்று கைதிகளைச் சந்திக்கும் தொண்டில் ஈடுபட்டபோது, சிறு குற்றங்களுக்காக மீண்டும் மீண்டும் உள்ளே வரும் ஆண்கள் பலருக்கு வீடோ உறவோ இல்லை என்பதைக் கண்டார். அவர்களைப் பொறுத்தவரை சிறை ஒரு தண்டனை என்பதைவிட, ஆண்டில் சில மாதம் தலைசாய்க்கும் இடம்.

1954இல் லண்டனின் ஹைபரி பகுதியில் அவர் தொடங்கிய நார்மன் இல்லத்தில் ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேர் அளவிலேயே தங்கினர். டர்னர் குடும்பமும் அங்கேயே வாழ்ந்தது. எல்லோரும் ஒரே மேசையில் உண்டனர். தங்கியவர்கள் வேலைக்குப் போய், தங்குவதற்கும் உணவுக்கும் பணம் கட்டினர். இலவச விடுதியில் கிடைக்காத மதிப்பு இதனால் கிடைத்தது. எண்ணிக்கையைச் சிறிதாக வைத்ததும் திட்டமிட்டதே: பெரிய விடுதி ஆனால் மீண்டும் ஒரு நிறுவனம் ஆகிவிடும். 1961இல் இந்த அனுபவங்களை அவர் நூலாக வெளியிட்டார். பிரிட்டனில் பின்னர் தோன்றிய பல இல்லங்களுக்கு நார்மன் இல்லம் முன்மாதிரி ஆயிற்று. 1960களில் சிறைக்குப் பிந்தைய கவனிப்பு நன்னடத்தைத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய உதவிச் சங்கங்களின் கூட்டமைப்பு 1966இல் நாக்ரோ என்னும் புதிய அமைப்பாக மாறியது.

அதே 1954இல் அமெரிக்காவின் சிகாகோவில் புனித லெனார்ட் இல்லம் தொடங்கியது. 1959இல் செயின்ட் லூயி நகரில் சேசு சபைத் துறவி சார்லஸ் கிளார்க் டிஸ்மஸ் இல்லத்தைத் திறந்தார். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு மனந்திரும்பிய கள்வனின் பெயராக மரபு சொல்வது டிஸ்மஸ். 1961இல் அமெரிக்க அரசும் களத்தில் இறங்கியது. ராபர்ட் கென்னடி அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்தபோது, நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களில் இளங்கைதிகளுக்கான விடுதலைக்கு முந்தைய வழிகாட்டும் மையங்கள் திறக்கப்பட்டன. உதவியும் கண்காணிப்பும் மீண்டும் ஒரே கூரையின்கீழ் வந்தன. 2008ஆம் ஆண்டின் 'இரண்டாம் வாய்ப்புச் சட்டம்', மத்திய சிறைக் கைதிகள் தண்டனையின் இறுதியில் அதிகபட்சம் ஓராண்டு வரை இத்தகைய இல்லங்களில் கழிக்க வழிவகுத்தது.

அண்மைக் கால அனுபவங்கள்

விடுதலைக்குப் பிந்தைய முதல் நாட்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதை வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்று எண்களால் காட்டியது. 1999 முதல் 2003 வரை விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்த இவ்வாய்வின் முடிவு 2007இல் வெளிவந்தது. முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, அதே வயதும் பாலினமும் கொண்ட பிற மக்களைவிட ஏறத்தாழ 13 மடங்கு. மிகப் பெரிய காரணம் போதைமருந்து. சிறைக்குள் பழக்கம் விட்டுப்போன உடல், பழைய அளவைத் தாங்காது. முதல் இரவைப் பற்றிய கேள்வி சில சமயம் உயிரைப் பற்றிய கேள்வியாகவே இருக்கிறது.

ஆனால் கட்டடம் இருந்தாலே பயன் விளையும் என்று கூற முடியாது. பென்சில்வேனியா மாநிலச் சிறைத்துறையின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, இடைத்தங்கல் மையங்களுக்குப் போனவர்களைவிட நேராக வீட்டுக்குப் போனவர்களே சற்றுக் குறைவாக மீண்டும் கைதானார்கள் என்று கண்டது. அம்மையங்களில் பெரும்பாலானவை, தலைக்கு இவ்வளவு என்று அரசிடம் கட்டணம் பெறும் ஒப்பந்த நிறுவனங்களால் நடத்தப்பட்டவை. இதன்பின் அம்மாநிலம் ஒப்பந்தங்களை மாற்றி, மீண்டும் குற்றம் குறைவதோடு கட்டணத்தை இணைத்தது. டர்னர் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்கத் தயங்கியதற்கான காரணம் இங்கே புலப்படும். நூற்றுக்கணக்கானோரை அடுக்கிவைத்து இரவில் தலை எண்ணும் இடம், பெயரளவில்தான் வீடு.

இங்கிலாந்தில் விடுதலையின்போது கையில் தரும் தொகை நீண்ட காலம் 46 பவுண்டாகவே இருந்து, 2021இல் 76 பவுண்டாக உயர்ந்தது. அதே ஆண்டு முதல், வீடற்று வெளிவருவோருக்கு 84 இரவுகள் வரை தற்காலிகத் தங்குமிடம் தரும் திட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வெள்ளிக்கிழமை விடுதலையாக வேண்டியவரை ஓரிரு நாள் முன்னதாக விடுவிக்க இடமளித்தது. வெள்ளி மாலைக்குள் வீட்டு அலுவலகம், மருந்தகம், நன்னடத்தை அலுவலகம் மூன்றையும் எட்ட முடியாதவர், திங்கள் வரை தெருவில் நிற்க நேர்ந்ததே காரணம். சிறிய மாற்றம், ஆனால் விடுதலையாகும் மனிதரின் கால்களோடு நடந்து பார்த்து எழுதிய சட்டம்.

சிங்கப்பூரும் இந்தியாவும்

சிங்கப்பூரில் இடைத்தங்கல் இல்லங்களை அரசுடன் இணைந்து பெரும்பாலும் சமய, தொண்டு அமைப்புகள் நடத்துகின்றன. இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் ஆசிரமம், தமிழர் உள்ளிட்ட இந்தியர்கள் பலர் மறுவாழ்வு தொடங்கும் இடமாகும். 2004இல் தொடங்கிய மஞ்சள் நாடா இயக்கம், வேலை கொடுப்போரின் மனத்தடையை நீக்குவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டது. பிரான்சின் மஞ்சள் சீட்டு கதவை மூடியது. சிங்கப்பூரின் மஞ்சள் நாடா கதவைத் தட்டுகிறது.

இந்தியாவில் 1919-20இல் சிறைகளை ஆராய்ந்த குழுவின் தலைவர் அலெக்சாண்டர் கார்டியூ, சென்னை மாகாண நிர்வாகத்தில் நீண்டகாலம் பணியாற்றியவர். கைதியைத் திருத்துவது சிறையின் நோக்கங்களுள் ஒன்று என்று தெளிவாகக் கூறிய இக்குழு, விடுதலைக்குப் பிந்தைய உதவியையும் வலியுறுத்தியது. சென்னை மாகாணம் 1936இலேயே நன்னடத்தைச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 1958இல் வந்தது. விடுதலை பெற்ற கைதிகள் உதவிச் சங்கம் தமிழ்நாட்டிலும் இயங்குகிறது. லஸ்கின் கொள்கைக்கு மிக நெருங்கிய இந்திய எடுத்துக்காட்டு, 1963இல் ராஜஸ்தானின் சாங்கானேரில் தொடங்கிய திறந்தவெளிச் சிறை. அங்கே கைதிகள் குடும்பத்தோடு வாழ்ந்து, பகலில் வெளியே சென்று உழைத்துச் சம்பாதிக்கின்றனர். மாலையில் பெயர் அழைப்புக்குத் திரும்பினால் போதும்.

எனினும் இந்தியச் சூழலுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. லஸ்க் முதல் அமெரிக்க மையங்கள் வரை எல்லாமே, விடுதலை நாள் முன்கூட்டியே தெரிந்த தண்டனைக் கைதிக்காக அமைந்தவை. 2022ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூவர், விசாரணைக் கைதிகள். பிணை ஆணை எந்த நாளில் வரும் என்று அவருக்கும் தெரியாது, சிறை நல அலுவலருக்கும் தெரியாது. மாலையில் ஆணை வந்தால் இரவில் வாசலில் நிற்பார். தண்டிக்கப்படாதவர் என்பதால் மறுவாழ்வுத் திட்டங்கள் பலவற்றின் வரையறைக்குள்ளும் அவர் வருவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் உள்ளே இருந்ததால் வேலை போயிருக்கும். வாடகை வீடு போயிருக்கும். பிணை நிபந்தனைப்படி காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்று சொல்ல ஆள் உண்டு. அந்த ஊரில் எங்கே தங்குவது என்று சொல்ல ஆள் இல்லை.

மதிப்பீடு

இடைத்தங்கல் இல்லங்களின் வரலாற்றில் வெற்றி பெற்றவற்றுக்குச் சில பொதுப் பண்புகள் உண்டு. அவை சிறியவை. தங்கியவர் உழைத்துத் தன் பங்கைச் செலுத்தினார். ஊராரின் பார்வைக்கு மறைவாக அமையாமல், ஊராரோடு பழகும்படி அமைந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, விடுதலையானவரைப் பெயர் சொல்லி அறிந்த ஒருவர், வேலை தருபவரிடம் அவருக்காகப் பேசினார். இவை குறைந்து, கண்காணிப்பும் கட்டணக் கணக்கும் மேலோங்கிய இடங்களில் இல்லம் சிறையின் கிளையாகச் சுருங்கியது.

இந்தியாவில் காவல் நிலையப் பதிவேடு ஒவ்வோர் ஊரிலும் உண்டு. இடைத்தங்கல் இல்லம் மிகச் சில இடங்களில்தான் உண்டு. 1860களில் இங்கிலாந்தில் நேர்ந்த பிரிவினை இங்கே இன்னும் தீரவில்லை. சிறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்பதால், இதைச் சரிசெய்யும் அதிகாரம் பெரிதும் மாநிலங்களிடமே இருக்கிறது. மத்திய சிறை உள்ள நகரம் ஒவ்வொன்றிலும், தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி என்ற வேறுபாடின்றி, வெளிவருபவர் சில வாரம் தங்க ஒரு சிறு இல்லமும், ஆர்கனைப் போல முதலாளிகளின் வாசலுக்கு நடக்கும் ஓர் ஊழியரும் இருந்தால் அது நல்ல தொடக்கமாக அமையும்.